சொந்தச் சுவரும் கறாரான கண்ணும்

ஓவியர்களே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் ஒரு கேலரியின் குளிர்காலக் கூட்டுக் கண்காட்சியை மதிப்பிடும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். சுவர் யாருக்குச் சொந்தம்? அந்தச் சுவரில் எது தொங்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? முதல் கேள்விக்குச் சொல்லும் பதிலே இரண்டாவதற்கும் போதும் என்று பெரும்பாலான கூட்டுக் காட்சிகள் நினைத்துக்கொள்கின்றன. இவ்வகைக் காட்சிகளின் பலம் முழுவதும் முதல் கேள்விக்கான பதிலில் இருக்கிறது. பலவீனத்தின் பெரும்பகுதி, இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுவதில் இருக்கிறது.

சென்னையில் கண்காட்சிகளுக்கான பருவம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகே தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையின் ஈரம் ஓவியத்துக்குப் பகை. காகிதம் நெளியும், கேன்வாஸின் முதுகில் பூஞ்சை படியும், பார்வையாளரும் வெளியே வரத் தயங்குவார். மார்கழி பிறந்தால் எல்லாம் மாறுகிறது. சங்கீத சபாக்கள் நிறைகின்றன. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள். ஜனவரியில் பொங்கலும் புத்தகக் காட்சியும் சேர்ந்துகொள்கின்றன. வாங்கும் மனநிலையில் இருக்கும் கூட்டம் ஆண்டில் வேறெப்போதையும்விட இந்த வாரங்களில்தான் அதிகம். ஆகவே பலர் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு மூன்று படைப்புகள் வைத்து, பெரும்பாலும் சிறிய அளவில், கைக்கு எட்டும் விலையில் ஒரு கூட்டுக் காட்சி நடத்துவது இயல்பான வழக்கமாகிவிட்டது. ஒரே ஓவியர் தனிக் காட்சி நடத்துவதற்கான செலவும் துணிச்சலும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கூட்டுக் காட்சி அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது.

கலைஞர்கள் தங்களுக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. அது பிறந்தது ஒரு கேள்வியிலிருந்து.

1957 முதல் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னால் நின்ற கேள்வி எளியது, கடுமையானது. படிப்பை முடித்து வெளியே வரும் மாணவன் எதை வைத்துப் பிழைப்பான்? அன்றைய சென்னையில் நவீன ஓவியம் வாங்குவோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தனியார் கேலரி என்பதே அரிது. திறமையான பலர் நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவமைப்புச் செய்து சம்பளம் பெற்றார்கள். ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் அங்கே பணிபுரிந்தவர்களே. மற்றவர்கள் விளம்பர நிறுவனங்களுக்குப் போனார்கள், அல்லது தூரிகையையே கீழே வைத்தார்கள். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கிக் காட்சிகள் நடத்தி வந்த பணிக்கருக்கு, காட்சி நடத்தினால் மட்டும் வயிறு நிறையாது என்பது தெரிந்திருந்தது.

கைவினைதான் வழி என்று அவரும் அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர்களும் முடிவு செய்தார்கள். பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருவாயிலிருந்து கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் கிராமம் பிறந்தது. வீட்டைக் கட்டியதும், நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கும் மறு பகுதியை ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கொடுத்ததும் அவர்களே. அரசு கட்டிக்கொடுத்த காலனியாகவோ செல்வந்தர் ஒருவரின் கொடையாகவோ அது உருவாகவில்லை. இந்தியாவில் நவீன கலைஞர்கள் தங்கள் உழைப்பில் வாங்கிய நிலத்தில் தங்கள் பொறுப்பில் வாழ்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேலும் நிலைத்துநிற்கும் இடங்களில் சோழமண்டலத்துக்கு இணை சொல்வது கடினம். 2009இல் அங்கே தற்காலக் கலைக்கான மையம் திறக்கப்பட்டது. சென்னை நவீனக் கலை இயக்கத்தின் அருங்காட்சியகமும், வாடகைக்கு எடுத்துக் காட்சி நடத்தக்கூடிய கேலரிகளும், திறந்தவெளிச் சிற்பத் தோட்டமும் அதில் அடங்கும்.

உரிமை என்பது கலைக்கு எதைத் தருகிறது என்பதற்கு இந்த வரலாற்றில் விடை இருக்கிறது.

முதலில் காலம் கிடைக்கிறது. வாடகை கொடுத்து நடத்தப்படும் கேலரி ஒவ்வொரு வாரமும் விற்பனையைக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கமிஷனாக எடுத்துக்கொள்வது தனியார் கேலரிகளில் வழக்கம். அதில் அநியாயம் எதுவும் இல்லை; கட்டடம், ஊழியர், விளம்பரம், விளக்கு எல்லாம் காசு. ஆனால் அந்தக் கணக்கு ஓவியரின் கையைப் பிடித்து இழுக்கிறது. சென்ற ஆண்டு விற்ற காளையையே இந்த ஆண்டும் வரையச் சொல்கிறது. சுவர் ஓவியர்களுடையதாக இருக்கும்போது அந்த இழுப்பு தளர்கிறது. விற்காத படைப்பும் மூன்று வாரம் தொங்கலாம். இரண்டு ஆண்டு எதையும் விற்காதவர் மூன்றாம் ஆண்டும் காட்சியில் இருக்கலாம்.

அடுத்து, சந்தையில் இடம் கிடைக்காத மனிதருக்கு இடம் கிடைக்கிறது. கே. ராமானுஜத்தை நினைத்துப் பார்க்கலாம். மசிக்கோடுகளால் நெருக்கிப் பின்னிய கனவு நகரங்களையும் விசித்திர உயிர்களையும் வரைந்தவர் அவர். மன நெருக்கடிகளோடு வாழ்ந்து 1973இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். எந்த வணிகக் கணக்கிலும் அடங்கக்கூடிய ஆள் அல்லர். பணிக்கர் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டதும், சோழமண்டலம் தங்க இடம் கொடுத்ததும் இல்லாவிட்டால் அந்தக் கோடுகளில் எத்தனை நமக்கு எஞ்சியிருக்கும்? சக கலைஞர்களின் கண் சந்தையின் கண்ணுக்கு முன்பே பார்த்துவிட்டது. கலைஞர்கள் நடத்தும் இடங்களுக்கு ஆதரவாக இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியாது.

கூட்டுக் காட்சிக்கு மட்டுமே உரிய இன்னொரு பலமும் உண்டு. ஒரே சுவரில் பல கைகள் அடுத்தடுத்து நிற்கும்போது ஒருவர் எழுப்பிய கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்வதைப் பார்க்க முடிகிறது. அறுபதுகளின் சென்னையில் அதுதான் நடந்தது. மேற்கிலிருந்து வந்த நவீனத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இங்குள்ள கோட்டிலிருந்தும் குறியிலிருந்தும் ஒரு நவீனத்தை உண்டாக்க முடியுமா என்பது எல்லோருக்கும் பொதுவான கேள்வியாக இருந்தது. பணிக்கர் 1963இலிருந்து ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துகளையும் ஜாதகக் கட்டங்களையும் ஓவியப் பரப்பாக்கினார். சோழமண்டலத்தின் சக கலைஞர்களில் சுல்தான் அலி பழங்குடி மரபின் உருவங்களை நாடினார். ஹரிதாசன் தாந்திரீக வடிவங்களுக்குப் போனார். நந்தகோபால் உலோகத்தைத் தகடாகவும் கம்பியாகவும் பற்றவைத்து, முன்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டிய சிற்பங்களைச் செய்தார். ஒருவரைப்போல ஒருவர் செய்யவில்லை. ஆனாலும் ஒரே விவாதத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அவர்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒவ்வொருவரும் தனியாகத் தருவதைவிடக் கூடுதலாக ஏதோ ஒன்று கிடைக்கிறது. கூட்டுக் காட்சியின் உச்சப் பயன் இதுவே.

இந்த உச்சத்தை அளவுகோலாக வைத்துத்தான் இன்றைய குளிர்காலக் கூட்டுக் காட்சிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தால் குறைகளும் தெளிவாகத் தெரிகின்றன.

பெரும்பாலான காட்சிகளை இன்று இணைப்பது பொதுவான கேள்வி எதுவும் இல்லை. உறுப்பினர் பட்டியல்தான் இணைக்கிறது. சங்கத்தில் இருக்கிறார், சந்தா கட்டியிருக்கிறார், ஆகவே இடம் உண்டு. மூத்தவர் என்றால் வாசலுக்கு எதிரே, புதியவர் என்றால் மூலையில். இருபது பேர் இருந்தால் எல்லோருக்கும் சமமாக இரண்டு படைப்புகள். நட்புக்கு இது அழகு. பார்வையாளருக்கோ இது ஓர் உதவியும் செய்வதில்லை. நல்ல படைப்பும் சோர்ந்த படைப்பும் ஒரே மரியாதையோடு தொங்கும்போது நல்ல படைப்புதான் இழக்கிறது. அடர்ந்த கறுப்பில் மெல்ல வெளிப்படும் ஒரு பொறிப்போவியத்தின் இருபுறமும் பளீரென்ற அக்ரிலிக் கேன்வாஸ்களை மாட்டினால் அந்தப் பொறிப்போவியத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. படைப்புகளுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், எது எதற்கு அருகில் வர வேண்டும் என்பதெல்லாம் படைப்பின் பொருளையே மாற்றக்கூடியவை. சமபங்கு என்ற விதி இந்த முடிவுகளை எடுக்க விடுவதில்லை.

சிறிய அளவு என்னும் நிபந்தனையும் யோசிக்கத் தக்கது. ஓரடிக்கு ஓரடி என்பது நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய அளவு. முதன்முதலாக ஓர் அசல் ஓவியத்தை வீட்டுக்கு எடுத்துப்போகும் ஆசிரியையோ வங்கி ஊழியரோ இந்தக் காட்சிகளில்தான் உருவாகிறார். அது பெரிய நன்மை. ஆனால் சிறிய கேன்வாஸுக்கென்று யோசித்து வரைந்தவர் சிலரே. பெரிய ஓவியமாக வளர வேண்டிய ஒன்றைச் சுருக்கித் தருபவர்களும், விற்கும் என்று தெரிந்த உருவத்தை ஒரே மாதிரி நான்கு நிறங்களில் தருபவர்களும்தான் மிகுதி. பிள்ளையார், புத்தர் முகம், கோபுரம், குடம் சுமக்கும் பெண், திமில் பெருத்த காளை என்று ஒரு பட்டியலே உண்டு. இந்த உருவங்கள்மீது எனக்குப் பகை இல்லை. அறுபதுகளில் இவற்றிற்கு உறவான உருவங்கள் கடும் தேடலின் விளைவாக வந்தன. இன்று தேடலை விட்டுவிட்டு விளைவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எந்த வணிக அழுத்தத்திலிருந்து தப்பிக்கச் சொந்தச் சுவர் கட்டினோமோ, அந்த அழுத்தத்தை நாமே பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துவிடுகிறோம்.

இன்னும் ஆழமான குறை, வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லாதது. சக ஓவியரிடம் ‘இந்த ஆண்டு உங்கள் வேலை பலவீனமாக இருக்கிறது, அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்று சொல்வது எளிதல்ல. அவர் அடுத்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். ஆகவே தொடக்க விழாவில் பாராட்டு, பொன்னாடை, குழுப்படம். இதழ்களில் வருவதும் பெரும்பாலும் அழைப்பிதழின் மறுபதிப்பே. கடுமையான ஒரு வரியைக்கூடக் கேட்காமல் பத்தாண்டுகள் ஓவியம் வரைய முடியும் என்ற நிலை கலைஞருக்குச் செய்யும் கெடுதல், விற்காத கெடுதலைவிடப் பெரிது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. கலைஞர்கள் தாங்களே நடத்திய காட்சிகளின் வரலாற்றில் இது முதலிலிருந்தே இருக்கிறது.

1884இல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சி பல கலைஞர்களின் படைப்புகளை நிராகரித்தது. சோராவின் ‘அஸ்நியேரில் குளிப்பவர்கள்’ என்ற பெரிய ஓவியமும் அவற்றில் ஒன்று. நிராகரிக்கப்பட்டவர்கள் சேர்ந்து சுயேச்சைக் கலைஞர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். நடுவர் குழு இல்லை, பரிசும் இல்லை என்பதே அதன் கொள்கை. சங்கத்தின் முதல் காட்சி அந்த ஆண்டு டிசம்பரில், குளிர்காலத்தில்தான் நடந்தது. இந்தக் கொள்கை செய்த நன்மைக்கு ஆன்ரி ரூசோ ஒருவரே சாட்சி. முறையான பயிற்சி இல்லாத சுங்கத்துறை ஊழியரான அவரை அதிகாரபூர்வக் கண்காட்சியின் நடுவர் குழு ஏற்றிருக்காது. சுயேச்சைக் கலைஞர்களின் சுவர் ஏற்றது. வான் கோவும் தம் கடைசி ஆண்டுகளில் அங்கே காட்சிக்கு வைத்தார்.

அதே சங்கத்தில்தான் 1912இல் மார்செல் துஷாம் ‘மாடிப்படியில் இறங்கும் நிர்வாணம், எண் 2’ என்ற ஓவியத்தைக் கொண்டுவந்தபோது, படைப்புகளை மாட்டும் பொறுப்பில் இருந்த கியூபிச நண்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. தலைப்பையாவது மாற்றச் சொல்லி அவருடைய அண்ணன்கள் மூலம் சொல்லியனுப்பினார்கள். துஷாம் ஓவியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். 1917இல் நியூயார்க்கில் இதே கொள்கையோடு இன்னொரு சங்கம் காட்சி நடத்தியது. ஆறு டாலர் கட்டணம் செலுத்தும் எவரும் பங்கேற்கலாம். சமத்துவம் குலையாமலிருக்கப் படைப்புகளை அகரவரிசையில் மாட்டினார்கள். அங்கும் ஆர். மட் என்ற பெயரில் வந்த சிறுநீர்க் கோப்பையை, ‘ஊற்று’ என்ற அந்தப் படைப்பை, கட்டணம் கட்டியிருந்தும் காட்சிக்கு வைக்க மறுத்தார்கள்.

நடுவர் இல்லை என்று அறிவித்த இடத்திலும் நடுவர்கள் இருக்கிறார்கள் என்பதே இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் காட்டும் உண்மை. அவர்களுக்குப் பெயர் இல்லை, விதி இல்லை, பொறுப்பும் இல்லை. வெளிப்படையான தேர்வு இல்லாத இடத்தில் மறைமுகமான தேர்வு நடக்கும். அது பெரும்பாலும் பழகிய ரசனைக்குச் சாதகமாகவும், புதிய துணிச்சலுக்கு எதிராகவும் நடக்கும்.

நியூயார்க்கின் பத்தாம் தெரு தந்த பாடம் வேறு. 1952இல் தொடங்கிய டானஜர், ஹான்சா போன்ற கூட்டுறவுக் கேலரிகளை இளம் ஓவியர்களே சந்தா கட்டி நடத்தினார்கள். ஹான்சாவில் ஆலன் கேப்ரோவும் ஜார்ஜ் சீகலும் காட்சி வைத்தார்கள். ஆனால் அறுபதுகளின் முதல் பாதிக்குள் இந்தக் கேலரிகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன. பெயர் பெற்றவர்களை வணிகக் கேலரிகள் அழைத்துக்கொண்டன; எஞ்சியவர்களால் வாடகையைத் தாங்க முடியவில்லை. சோழமண்டலம் இன்றும் நிற்பதற்கும் அவை நிற்காததற்கும் உள்ள பெரிய வேறுபாடு நிலம். சோழமண்டலத்திலிருந்தும் சில ஓவியர்கள் போனார்கள்; விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸுக்குப் போனது அறுபதுகளிலேயே. ஆனாலும் கிராமம் கலையவில்லை.

உரிமைக்கு ஓர் எல்லைக்கோடும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. உறுப்பினர் என்று ஒருவரைச் சொன்னால் உறுப்பினர் அல்லாதவர் என்று வேறொருவர் உருவாகிறார். சோழமண்டலத்தின் தொடக்க கால உறுப்பினர்களில் அர்னவாஸ், அனிலா ஜேக்கப் என்று பெண்கள் மிகச் சிலரே. 1972இல் நியூயார்க்கில் இருபது பெண் கலைஞர்கள் சேர்ந்து ஏ.ஐ.ஆர். கேலரியைத் தொடங்க வேண்டியிருந்ததற்கும், வணிகக் கேலரிகள் பெண்களுக்குக் கதவைத் திறக்காததே காரணம். நம் ஊரில் கும்பகோணம் ஓவியக் கல்லூரியிலிருந்தும் சென்னைக் கல்லூரியிலிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் வெளியே வருகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் பணிக்கரின் மாணவர்கள் நின்ற அதே இடத்தில் அவர்கள் இன்று நிற்கிறார்கள். அன்றைய மாணவர்களுக்காகக் கட்டிய சுவரில் இன்றைய மாணவர்களுக்கு எத்தனை அடி கிடைக்கிறது என்பதே அந்தச் சுவரின் நேர்மையை அளக்கும் அளவுகோல்.

மொழியையும் சொல்ல வேண்டும். கண்காட்சிகளில் தலைப்பு, கலைஞர் குறிப்பு, கையேடு எல்லாம் ஆங்கிலத்திலேயே இருப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆனால் தமிழ் வாசகருக்கு நவீனக் கோட்டைப் பழக்கியவை தமிழ் இதழ்கள். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலத்தின் கோடுகள் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போயின. அந்த வாசகர் இன்று கேலரிக்குள் நுழைந்தால் தன் மொழியில் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. கலைஞர்களே உரிமையாளர்களாக இருக்கும் இடத்தில் இதைச் சரிசெய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இத்தனை குறை சொன்ன பிறகு, கூட்டுக் காட்சியை விட்டுவிட்டுத் தொழில்முறைக் கேலரிகளிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாமா? கூடாது. வணிகக் கேலரியின் தேர்வு கறாரானதாக இருக்கலாம். அதன் கறார் சந்தையின் பக்கம் சாய்ந்தது. ராமானுஜத்துக்கு அங்கே இடம் இருந்திருக்காது. உரிமையை வைத்துக்கொண்டே கறாரைக் கொண்டுவருவதுதான் வழி.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஆண்டுதோறும் ஒரு காட்சித் தொகுப்பாளரை வெளியிலிருந்து அழைக்கலாம்: ஓர் எழுத்தாளர், கட்டடக் கலைஞர், வேறு ஊர்ச் சிற்பி, யாராகவும் இருக்கட்டும். தேர்வும் மாட்டும் முறையும் அவர் பொறுப்பு; அவர் பெயர் வாசலில் இருக்கட்டும். இந்த ஆண்டு அவர் தேர்வு பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறொருவர். சமபங்கை ஒரு காட்சிக்குள் தேடாமல் சில ஆண்டுகளுக்குள் தேடலாம்: இந்த ஆண்டு எட்டுப் பேரின் பத்துப் படைப்புகள் மூச்சுவிடும் இடைவெளியோடு, அடுத்த ஆண்டு மற்றவர்களுடையவை. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு கேள்வி இருக்கட்டும். சுவரின் கால்பங்கு உறுப்பினர் அல்லாத இளையோருக்கு, கமிஷன் இல்லாமல். குறிப்புகள் தமிழிலும் வரட்டும். தொடக்க விழாவுக்கு அடுத்த வாரம், பொன்னாடை இல்லாத ஒரு மாலையில், கலைஞர்களும் பார்வையாளர்களும் ஒவ்வொரு படைப்பின் முன்பும் நின்று வெளிப்படையாகப் பேசட்டும். விற்பனைக்கான சிறு ஓவியங்களுக்குத் தனி அறை இருக்கலாம். அதைக் காட்சியோடு கலக்க வேண்டாம்.

இவற்றைச் செய்தால் சில மனங்கள் புண்படும். செய்யாவிட்டால், கூட்டுக் காட்சி உறுப்பினர்களும் உறவினர்களும் மட்டும் வரும் ஆண்டு விழாவாகச் சுருங்கிவிடும். தங்கள் கையுழைப்பில் நிலம் வாங்கிச் சுவர் எழுப்பிய தலைமுறை, கலைஞருக்குச் சுதந்திரம் வேண்டும் என்றுதான் அதைச் செய்தது. தரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கும் சுதந்திரத்தை அவர்கள் கேட்கவில்லை.

வாசகரிடமும் ஒரு வேண்டுகோள். இந்த மார்கழியில் கச்சேரிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மாலையை ஓவியர்கள் நடத்தும் ஏதேனும் ஒரு கேலரிக்குக் கொடுங்கள். பாடகர் சுருதி விலகினால் முகம் சுளிக்கும் அதே உரிமையோடு ஓவியத்தின் முன்னும் நில்லுங்கள். பிடித்ததை ஏன் பிடித்தது என்றும், பிடிக்காததை ஏன் பிடிக்கவில்லை என்றும் அங்கிருக்கும் ஓவியரிடமே சொல்லுங்கள். முடிந்தால் ஒன்றை வாங்குங்கள். கலைஞர்களின் சுவர் நிலைப்பதற்கு வாங்கும் கைகளும் வேண்டும், கறாராகப் பார்க்கும் கண்களும் வேண்டும்.